கன்னத்தில் அதக்கிய சோறு

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நள்ளிரவு, மகளின் கொசுவலையைச் சரிசெய்யப் போனபோது அவளுடைய இடது கன்னம் உப்பியிருப்பதைக் கண்டேன். பல்வலியால் வீங்கியிருக்குமோ என்று பயந்து விரலால் மெல்லத் தடவினேன். உள்ளே ஏதோ உருண்டையாகத் தட்டுப்பட்டது. தூக்கம் கலையாமல் வாயைத் திறந்து சுண்டுவிரலால் வழித்தெடுத்தேன். இரவு எட்டு மணிக்கு நான் ஊட்டிய பருப்புச் சோற்றின் கடைசிக் கவளம் அது. மூன்றரை மணி நேரம் அவள் அதை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. துப்பினால் அம்மா திட்டுவாள், விழுங்கினால் அடுத்த கவளம் வரும் என்று அந்தச் சின்னத் தலை கணக்குப் போட்டிருக்க வேண்டும். படுத்த நிலையில் அந்தச் சோறு மூச்சுக்குழாய்க்குள் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணத்தில் அன்றிரவு நான் தூங்கவே இல்லை. அப்போது அவளுக்கு 2 வயது 4 மாதம்.

அரசாங்கக் காகிதங்களில் யாங்கோன் என்று எழுதினாலும் எங்கள் வீடுகளில் இன்றும் ரங்கூன்தான். அனோரதா சாலையிலிருந்து பிரியும் ஒரு குறுகிய தெருவில், மின்தூக்கி இல்லாத பழைய கட்டடத்தின் நான்காவது மாடியில் நானும் என் கணவரும் மகளும் மாமியாரும் குடியிருக்கிறோம். முதல் பிறந்த நாள்வரை எதைக் கொடுத்தாலும் வாயைத் திறந்தவள், ஒன்றரை வயதில் ஒவ்வொன்றாக ஒதுக்கத் தொடங்கினாள். முதலில் கீரை போயிற்று, பிறகு மீன், பிறகு காய்கறி அத்தனையும். இரண்டேகால் வயதில் அவள் சாப்பிடும் பொருள்களை எண்ணினால் ஒன்பதுதான் தேறின: வெள்ளைச் சோறு, பருப்பு, தயிர், தோசை, வாழைப்பழம், உருளைக்கிழங்கு வறுவல், ரொட்டி, பிஸ்கட், பால்.

அந்த நாள்களில் பகல் உணவுக்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். கிண்ணத்தோடு அவள் பின்னால் நடப்பேன். மாடத்துக்குப் போய்ப் புறாவைக் காட்டி ஒரு வாய், மாடிப்படியில் உட்கார வைத்து ஒரு வாய், காளி கோயில் மணி அடித்தால் அதைச் சொல்லி ஒரு வாய். எதற்கும் மசியாதபோது கைபேசியில் பொம்மைப் படம். படம் ஓடும்போது மட்டும் அவள் வாய் திறக்கும், கண் திரையைவிட்டு அகலாது.

பர்மியர்கள் ஒருவரையொருவர் வழியில் பார்த்தால் முதலில் கேட்பது ‘தமின் சா பீ பீ லா?’ என்பதைத்தான், சோறு சாப்பிட்டாயா என்று பொருள். நாமும் அதையே கேட்கும் இனம்தானே. அன்பான கேள்வி. ஆனால் எங்கள் கட்டடத்தில் நான்கு மாடி ஏறுவதற்குள் மூன்று வீட்டுப் பெண்கள் என் மகளைப் பார்த்து அதைக் கேட்பார்கள்; அவள் அவர்களிடமே கற்றுக்கொண்ட பர்மிய மொழியில் ‘மசா பூ’, சாப்பிட மாட்டேன், என்று பதில் சொல்வாள்; அவர்கள் சிரித்துவிட்டு அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, மெலிந்துவிட்டாளே என்பார்கள். அந்த வார்த்தை ஒவ்வொரு முறையும் என் நெஞ்சில் தைக்கும். சாப்பிடாத குழந்தையைப் பெற்றவளுக்கு ஊர் முழுவதும் சாட்சிகள். இதைப் படிக்கிறவர்களில் யாருக்கேனும் அந்த வலி தெரிந்திருந்தால், நான் எழுதுவது முதலில் உங்களுக்காகத்தான்.

கைபேசியின் கதை ஒரு மின்வெட்டில் முடிந்தது. இங்கே மின்சாரம் முறை வைத்துத்தான் வரும். கரி அடுப்பை எப்போதும் தயாராக வைத்திருக்காத வீடு எங்கள் தெருவில் இல்லை. ஒரு நாள் பகலில் மின்சாரமும் இல்லை, கைபேசியில் உயிரும் இல்லை. சோற்றைப் பிசைந்து அவள் வாயருகே கொண்டுபோனேன். அவள் என் கையை வெறுப்போடு பார்க்கவில்லை, புரியாமல் பார்த்தாள். அந்தக் கிண்ணத்தில் இருப்பதைத்தான் மாதக்கணக்காகத் தின்று வருகிறோம் என்பதே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. சோற்றின் நிறத்தையும் மணத்தையும் தன் பசியையும் பார்க்கவிடாமல் நான்தான் திரையைக் குறுக்கே பிடித்திருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

மருந்துக்கும் ஓடினேன். மருந்துக்கடை ஒன்றில் ‘பசி மருந்து’ என்று ஒரு புட்டியைக் கொடுத்தார்கள். மூன்று நாள் கொடுத்தேன். இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டாள், ஆனால் பகலெல்லாம் தூங்கி வழிந்தாள். புட்டியின் மேல் சிப்ரோஹெப்டடின் என்று அச்சிட்டிருந்தது. அது ஒவ்வாமைக்கான மருந்து. பசியைத் தூண்டுவது அதன் பக்கவிளைவு, தூக்கம் இன்னொரு பக்கவிளைவு. மருத்துவர் எழுதித் தராமல் இரண்டு வயதுக் குழந்தைக்கு அதைக் கொடுத்திருக்கக் கூடாது. நம் வீடுகளில் இந்தப் புட்டி சர்வ சாதாரணமாகக் கைமாறுகிறது என்பதால் இதை வற்புறுத்திச் சொல்கிறேன்.

கன்னத்தில் சோற்றைக் கண்ட மறுநாள் குழந்தைநல மருத்துவர் ஒருவரிடம் போனோம். அவர் முதலில் எடை பார்த்தார். இங்கே உடல் எடையைப் பவுண்டில்தான் சொல்வார்கள். 26 பவுண்டு இருந்தாள், கிட்டத்தட்ட 11.8 கிலோ. பிறந்ததிலிருந்து எடை குறித்த அட்டையை வாங்கி, உலகச் சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடத்தில் ஒவ்வொரு புள்ளியாக வைத்துக் கோடு இழுத்துக் காட்டினார். அந்த வரைபடம் மேல்நாட்டுக் குழந்தைகளை மட்டும் அளந்து செய்ததில்லை. இந்தியா, கானா, ஓமன், பிரேசில் குழந்தைகளும் அந்தக் கணக்கில் உண்டு. என் மகளின் கோடு நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே, அதற்கு இணையாக, சீராக ஏறிக்கொண்டிருந்தது. முதல் 12 மாதத்தில் 13 பவுண்டு ஏறியவள் அடுத்த 16 மாதத்தில் 6 பவுண்டுதான் ஏறியிருக்கிறாளே என்று நான் அழாத குறையாகக் கேட்டேன். அப்படித்தான் ஏறும் என்றார். பிறந்த எடை ஓராண்டில் மூன்று மடங்காகிறது. அந்த வேகம் நீடித்தால் மனிதர்கள் வீட்டுக்குள் அடங்க மாட்டார்கள். ஒரு வயதுக்குப் பிறகு வளர்ச்சி தணியும்போது அதோடு பசியும் தணிகிறது. அதே சமயம் புதியதைக் கண்டு அஞ்சும் இயல்பும் அந்த வயதில்தான் தலைதூக்குகிறது. தானே நடந்துபோய்க் கண்டதையும் பறித்துத் தின்னத் தொடங்கும் வயதில், தெரியாத இலையையும் காயையும் வாயில் வைக்க மறுக்கும் அந்த அச்சம் காட்டில் வாழ்ந்த காலத்தில் குழந்தைகளுக்கு ஒரு காவலாக இருந்திருக்க வேண்டும் என்று அவர் விளக்கியபோது, என் மகளின் இறுகிய உதடுகளை முதல்முறையாக வேறு கண்ணோடு பார்த்தேன்.

அவர் கண்டுபிடித்த உண்மையான கோளாறு வேறொன்று. ஒரு நாளைக்கு எவ்வளவு பால் குடிக்கிறாள் என்று கேட்டார். சோறு உள்ளே போகவில்லையே என்ற தவிப்பில் 240 மில்லிலிட்டர் புட்டியில் நான்கு முறை கொடுத்துக்கொண்டிருந்தேன். கூட்டினால் ஒரு லிட்டரை நெருங்குகிறது. பால் வயிற்றை நிறைத்துவிடுகிறது. ஒரு லிட்டர் பசும்பாலில் இரும்புச்சத்து 1 மில்லிகிராம்கூட இல்லை, இந்த வயதுக்கு நாளொன்றுக்கு 7 மில்லிகிராம் தேவை. போதாததற்கு, உணவிலுள்ள இரும்பை உடல் உறிஞ்சுவதையும் பால் தடுக்கிறது. இரத்தம் சோதித்ததில் ஈமோகுளோபின் 10.4 என்று வந்தது. 11-க்குக் கீழே போனால் இரத்தசோகை. இரும்பு குறைந்தாலும் பசி மந்தப்படும் என்றார். ஆக, சாப்பிடாததால் பால் கொடுத்தேன், பால் குடித்ததால் சாப்பிடவில்லை, சாப்பிடாததால் இரும்பு குறைந்தது, இரும்பு குறைந்ததால் இன்னும் பசி போயிற்று. மூன்று மாதத்துக்கு இரும்புச்சத்துச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து, பாலை 500 மில்லிலிட்டருக்கு மேல் போகவிடாதீர்கள், புட்டியை நிறுத்திவிட்டு டம்ளரில் கொடுங்கள், அதையும் சாப்பாட்டுக்குப் பிறகே கொடுங்கள் என்று அனுப்பினார்.

அதற்குப் பிறகு நான் தேடிப் படித்தவற்றில் என் மனத்தில் தங்கியது, எல்லின் சேட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் வகுத்த ஒரு பங்கீடு. எதை, எப்போது, எங்கே கொடுப்பது என்பது பெற்றோரின் பொறுப்பு. அதில் எவ்வளவு சாப்பிடுவது, சாப்பிடுவதா வேண்டாமா என்பது குழந்தையின் பொறுப்பு. படிக்கும்போது எளிதாகத்தான் இருந்தது. நம் வீட்டில் அதை நடைமுறைக்குக் கொண்டுவருவது எவ்வளவு கடினம் என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

ஏனென்றால், நமக்கு ஊட்டுவது வெறும் உணவளிப்பதாக இல்லை. என் மாமியார் ஆறு பிள்ளைகளை அப்படித்தான் வளர்த்தார். சட்டியில் மிஞ்சிய குழம்பில் சோற்றைப் போட்டுப் பிசைந்து, சுற்றி உட்கார வைத்து, உள்ளங்கை உள்ளங்கையாக உருட்டிக் கொடுத்ததை இன்றும் என் கணவர் கண்கலங்கச் சொல்வார். அந்தக் கையை இனி வேண்டாம் என்று சொல்வது அவருடைய அன்பையே வேண்டாம் என்பதாகப் பட்டது. முதல் வாரத்தின் மூன்றாம் நாள், மகள் பகலில் அரை வாழைப்பழத்தைத் தவிர எதையும் தொடாமல் இறங்கிப் போனபோது, “ஏம்மா, ரெண்டு வாய் ஊட்டிவிட்டா என்ன கொறஞ்சு போகும்? பச்சப் புள்ளையப் பட்டினி போட்டா வளர்க்கிறது?” என்று கேட்டுவிட்டு அவரும் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, “அத்தை, ஒரு மாசம் மட்டும் பொறுத்துக்குங்க, எடை குறைஞ்சா நானே பழையபடி ஊட்டிடறேன்” என்றேன். அந்த ஒரு மாதத்தை அவர் எனக்குத் தந்தார். அது அவருக்கு எவ்வளவு பெரிய விட்டுக்கொடுத்தல் என்பதை நான் அறிவேன்.

நடைமுறையில் செய்தது இவ்வளவுதான்: காலை, பகல், இரவு என்று மூன்று வேளை; நடுவில் இரண்டு முறை சிறு தீனி; இடையில் தண்ணீரைத் தவிர எதுவுமில்லை. எல்லோரும் தரையில் பாய் விரித்து ஒன்றாக உட்காருவோம். அவளுக்குத் தனித் தட்டு. இருபத்தைந்து நிமிடம் கழிந்தால், சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், பேச்சில்லாமல் தட்டை எடுத்துவிடுவேன். ‘இன்னும் ஒரே வாய்’ என்ற சொல்லை வீட்டில் யாரும் உச்சரிக்கக் கூடாது. சாப்பிட்டால் கைதட்டுவதும் கூடாது என்று முடிவுசெய்தோம். பாராட்டும் ஒருவகை நெருக்கடிதான் என்பதை அவள் முகத்தைக் கவனித்துத் தெரிந்துகொண்டேன். மழலைப்பள்ளிக் குழந்தைகளுக்குச் சூப்பு கொடுத்துச் செய்த ஓர் அமெரிக்க ஆய்வு 2006-இல் வெளியானது. முடித்துவிடு முடித்துவிடு என்று சொல்லப்பட்டபோது குழந்தைகள் குறைவாகக் குடித்தார்கள், அந்தச் சூப்பைக் குறை சொல்லவும் செய்தார்கள், சும்மா விட்டபோது கூடுதலாகக் குடித்தார்கள். நான் ஓராண்டாக என் வீட்டில் அதே சோதனையின் தவறான பாதியை நடத்திக்கொண்டிருந்தேன்.

அளவைப் பற்றிய என் எண்ணமும் தவறாக இருந்தது. வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி என்பது ஒரு தோராயக் கணக்கு. இரண்டு வயதுக் குழந்தைக்கு ஒவ்வொரு பதார்த்தத்திலும் இரண்டு கரண்டி வைத்தால் போதும், கேட்டால் மேலும் வைக்கலாம். நான் பெரியவர்கள் பயன்படுத்தும் கிண்ணத்தை நிரப்பிக்கொண்டு துரத்தியிருக்கிறேன்.

தவிப்பைத் தணிக்க ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதத் தொடங்கினேன். ஒவ்வொரு வேளையும் என்ன வைத்தேன், எவ்வளவு உள்ளே போனது என்று, எந்த அடைமொழியும் இல்லாமல். இரண்டு வாரத்துப் பக்கங்களைச் சேர்த்துப் படித்தபோது வியந்துபோனேன். காலையில் ஒன்றும் தொடாத நாளில் மாலையில் இரண்டு தோசை போயிருந்தது. செவ்வாய்க்கிழமை வெறும் பழமாகக் கழிந்தால் புதன்கிழமை பருப்பும் சோறுமாக ஈடுகட்டியிருந்தாள். அமெரிக்க உளவியலாளர் லீயான் பர்ச்சும் அவர் குழுவினரும் 2 முதல் 5 வயதுவரையுள்ள 15 குழந்தைகளின் உணவை நாள் முழுதும் அளந்து 1991-இல் வெளியிட்ட ஆய்விலும் இதுவே தெரிந்தது: ஒரு குழந்தை வேளைக்கு வேளை உண்ணும் அளவு சராசரியாக 34 சதவீதம் ஏறி இறங்கினாலும், ஒரு முழு நாளின் கூட்டுத்தொகை 10 சதவீத அளவில்தான் ஏறி இறங்கியது. ஒரு வேளைத் தட்டைப் பார்த்து அழுவதை அந்த நோட்டுப் புத்தகம்தான் நிறுத்தியது. நீங்களும் எழுதிப் பாருங்கள். கருத்து எழுதாமல், உண்டதை மட்டும் எழுதுங்கள்.

பிசைவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பருப்பு, ரசம், காய், கீரை எல்லாவற்றையும் சோற்றோடு சேர்த்து விழுதாகக் குழைத்து ஊட்டுவது ஆறு மாதக் குழந்தைக்குச் சரி. இரண்டரை வயதிலும் அப்படியே தொடரும்போது, கேரட் எது, அவரைக்காய் எது என்று குழந்தைக்குத் தெரிவதே இல்லை; ஒரு பழுப்பு நிற விழுது மட்டுமே தெரியும், அதில் எங்கேயோ ஒரு நார் நாக்கில் பட்டால் முழுவதையும் துப்பும். காயை மறைத்து வைத்து ஊட்டுவதில் எனக்கு இப்போது உடன்பாடு இல்லை. மறைத்ததைக் கண்டுபிடித்த நாளில், சோற்றின் மீதிருந்த நம்பிக்கையையும் என் மகள் இழந்தாள். தட்டில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் வைத்தபோதுதான் அவள் விரல் நீட்டினாள்.

முதல் மாற்றம் பே ப்யோ வடிவில் வந்தது. ரங்கூனில் விடியற்காலையில் தலையில் தட்டைச் சுமந்துகொண்டு ஒரு பெண் ‘பே ப்யோ’ என்று இழுத்துக் கூவிக்கொண்டு போவாள். முளைகட்டி, குழைய அவித்த பயறு அது. ஒவ்வொரு மாடியின் மாடத்திலிருந்தும் தெருவரை ஒரு கயிறு தொங்கும், அதன் நுனியில் ஒரு கவ்வி இருக்கும். பணத்தைக் கவ்வியில் மாட்டி இறக்கினால் பயறுப் பையை மாட்டி விடுவாள், மேலே இழுத்துக்கொள்ளலாம். ஒரு நாள் காலை அந்தக் கயிற்றை மகளிடம் கொடுத்தேன். நான் பின்னாலிருந்து அவள் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, இரண்டு கையாலும் மாறி மாறி இழுத்தாள்; பை மூன்றாம் மாடிச் சுவரில் மோதி ஆடியபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்; மேலே வந்ததும் அவளே முடிச்சைப் பிரித்தாள். பை இளஞ்சூடாக இருந்தது. உள்ளே கையை விட்டு ஒரு பயற்றை எடுத்து, தோலை உரித்து, முளையைத் தனியே கிள்ளி வைத்துவிட்டு, பருப்பை வாயில் போட்டாள். பிறகு இன்னொன்று. நான் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினேழு பயறு சாப்பிட்டாள். ஒவ்வொன்றும் அவள் கையால் எடுத்தது.

அன்று முதல் அது அவளுடைய வேலையாயிற்று. வெங்காயம் வதக்கிய எண்ணெயும் உப்பும் சேர்த்து, பர்மியர்கள் எதற்கும் செய்வதுபோல் மேலே எலுமிச்சை பிழிந்து வைத்தேன். அந்தப் புளிப்புக்கு ஒரு பயனும் உண்டு: பயற்றிலும் கீரையிலும் உள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்காது, எலுமிச்சையின் வைட்டமின் சி அதை ஏற்கச் செய்கிறது. மூச்சுக்குழாயில் சிக்கும் பயமும் இருந்ததால், இரண்டு விரலுக்கிடையில் அழுத்தினால் மசியும் பயற்றை மட்டும் கொடுப்பேன். முழு நிலக்கடலை, முழுத் திராட்சை, கெட்டியான வறுத்த பயறு போன்றவை இந்த வயதுக்கு ஆகாது. நான்கைந்து வயதுவரை அவற்றை நசுக்கியோ நறுக்கியோதான் தர வேண்டும்.

புளிச்சக்கீரை இன்னும் நீண்ட கதை. இங்கே சின்பௌங் என்பார்கள். வீட்டுக்கு வீடு வதக்குவார்கள், சாறு வைப்பார்கள். இரண்டு வயதுக் குழந்தைகளிடம் பர்ச் 1982-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய உணவை எத்தனை முறை அதிகமாகச் சுவைத்தார்களோ அந்த அளவுக்கு அதை விரும்பத் தொடங்கியது தெரிந்தது. சில உணவுகளை இருபது முறைவரை கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நானோ இரண்டு முறை கொடுத்துவிட்டு, இவளுக்குக் கீரை பிடிக்காது என்று ஊருக்கெல்லாம் அறிவித்திருந்தேன். எனவே கட்டைவிரல் நகமளவு கீரையைத் தட்டின் ஓரத்தில் வைக்கத் தொடங்கினேன். முதல் நாள் தட்டையே தள்ளிவிட்டாள். நான்காம் முறை அதை விரலால் எடுத்துப் பாயில் வைத்தாள். ஏழாம் முறை முகர்ந்தாள். பதினொன்றாம் முறை நக்கிவிட்டு, உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு, சிரித்தாள். புளிப்பு என்றால் அவளுக்குப் பிடிக்கும் என்பது எனக்கே அன்றுதான் தெரியும். பதினான்காம் முறை தின்றாள். இந்தப் பதினான்கு முறைக்கு இரண்டு மாதம் ஆயிற்று. நக்குவதும் முகர்வதும் துப்புவதும்கூடச் சாப்பிடக் கற்றுக்கொள்வதன் படிகளே. துப்புவதற்கென்று தட்டருகே ஒரு சிறு கிண்ணம் வைத்தபின் அவள் துணிந்து வாயில் வைக்கத் தொடங்கினாள். கன்னத்தில் அதக்குவதும் அத்தோடு நின்றது. துப்பலாம் என்ற உரிமை இருக்கும்போது ஒளித்துவைக்கத் தேவை என்ன?

அக்கம்பக்கத்தாரிடம் பேசுவது எனக்கு மிகவும் கூச்சமாக இருந்தது. ஒவ்வொரு மாடியிலும் ஒரு பிஸ்கட்டோ மிட்டாயோ அவள் கைக்கு வந்துவிடும். தெருமுனைப் பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் பொட்டலங்கள் வேறு. சிறு கிண்ணத்தில் அடைத்த ஜெல்லியை உறிஞ்சினால் தொண்டையை அடைத்துவிடக்கூடும். குழந்தைகள் தமக்கு வேண்டியதைத் தாமே தேர்ந்துகொள்வார்கள் என்று சொல்கிறவர்கள், 1920களில் அமெரிக்க மருத்துவர் கிளாரா டேவிஸ் செய்த சோதனையைச் சுட்டுவார்கள். பால்குடி மறந்த குழந்தைகளைத் தட்டிலுள்ளதில் விரும்பியதை உண்ணவிட்டபோது, வேளைக்கு வேளை விநோதமாகத் தின்றாலும் அவர்கள் நன்றாகவே வளர்ந்தார்கள். ஆனால் அந்தத் தட்டுகளில் இறைச்சி, முட்டை, பழம், காய், தானியம், பால் போன்ற நல்ல உணவு மட்டுமே இருந்தது. சர்க்கரை இல்லை, மிட்டாய் இல்லை. எதை வைப்பது என்பதைப் பெரியவர்கள்தான் முடிவுசெய்திருக்கிறார்கள். ஆகவே ஒவ்வொரு வீட்டுக்கும் போய், கொடுக்க விரும்பினால் ஒரு துண்டுப் பழம் கொடுங்கள், அதையும் மாலை நான்கு மணிக்குக் கொடுங்கள் என்று வேண்டிக்கொண்டேன். யாரும் வருத்தப்படவில்லை. மூன்றாம் மாடிப் பெண்மணி அன்று முதல் பப்பாளியைச் சிறு சதுரங்களாக நறுக்கி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் மொகிங்கா வாங்கி வருவோம். மீனும் வாழைத்தண்டும் கடலைமாவும் சேர்த்துக் காய்ச்சிய அந்தச் சாற்றில் அரிசி நூடுல்ஸைப் போட்டு நாங்கள் மூவரும் சாப்பிடுவதை நாலைந்து வாரம் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தவள், ஒரு நாள் அப்பாவின் கிண்ணத்தை இழுத்துச் சாற்றைக் குடித்தாள். மீனை அவள் ஒதுக்கிக் கிட்டத்தட்ட ஓராண்டு ஆகியிருந்தது. வீட்டிலுள்ளவர்கள் சாப்பிடுவதைப் பார்க்கவிடாமல் அவளுக்கு முன்கூட்டியே தனியாக ஊட்டி முடித்துக்கொண்டிருந்தது எத்தனை பெரிய இழப்பு என்று தோன்றியது.

எல்லாக் குழந்தைக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். எடைக் கோடு கீழ்நோக்கித் திரும்பினாலோ, உண்ணும்போது புரையேறுவதும் இருமுவதும் வாந்தியும் வழக்கமாக இருந்தாலோ, கெட்டியான எதையுமே விழுங்க முடியாமல் திணறினாலோ, மண்ணையோ சுவர்க் காரையையோ தேடித் தின்றாலோ, முன்பு உண்டவையும் ஒவ்வொன்றாக மறைந்து நான்கைந்தில் வந்து நின்றாலோ, பொறுத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். மலச்சிக்கலும் பசியைக் கெடுக்கும். பலர் அதைக் கேட்பதே இல்லை. என் மகளுக்குப் பால் குறைந்ததும் அதுவும் சரியானது.

மாமியாருக்குத் தந்த ஒரு மாத வாக்கு முடிந்தபோது எடை குறையவில்லை, அரை பவுண்டு ஏறியிருந்தது. அன்று அவரிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன்: இரவில் அவள் தானாகச் சாப்பிட்டு முடித்தபின், கடைசியாக மூன்று உருண்டை மட்டும் அவர் கையால் தர வேண்டும், அவள் வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். அத்தை பதில் சொல்லாமல் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நெய்யும் பருப்பும் சேர்ந்த மூன்று சிறு உருண்டைகள், நெல்லிக்காய் அளவு. மகள் தவழ்ந்துபோய் அவர் மடியில் ஏறிக்கொண்டு வாயைத் திறந்தாள். இப்போது பெரும்பாலான இரவுகளில் அவளே கை நீட்டிக் கேட்கிறாள். கேட்காத இரவுகளில் அத்தை அந்த உருண்டைகளைத் தாமே சாப்பிட்டுவிடுகிறார்.

சென்ற வாரம் அவளுக்கு மூன்று வயது நிறைந்தது. எடை 29 பவுண்டு, ஈமோகுளோபின் 11.6. உண்ணும் பொருள்களின் பட்டியல் நோட்டுப் புத்தகத்தில் முப்பத்தொன்றாகியிருக்கிறது. அதில் கடலைமாவில் செய்யும் ஷான் தோஃபுவும் முருங்கைக்கீரைத் துவட்டலும் உண்டு. சில நாள்களில் இன்னமும் வெறும் சோறும் தயிருமாகவே மூன்று வேளையையும் கழிக்கிறாள். நானும் அதை எழுதிவிட்டுப் புத்தகத்தை மூடிவைக்கிறேன். கத்தரிக்காயை மட்டும் இன்னும் தொடவில்லை. நேற்றோடு ஒன்பது முறை வைத்தாயிற்று. நேற்று அதைப் பாயில் எடுத்துவைக்காமல் தட்டிலேயே விட்டுவைத்தாள்.